முகம் பார்க்கும் விளக்கு

இமை விளக்குகள் கோயம்புத்தூருக்குள் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தும், இந்துமதி அவற்றைப் பணம் மிஞ்சியவர்களின் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தாள். சொன்னால் எரியும், படம் பார்க்கும்போது நிறம் மாறும், தூங்கப் போனால் தானாக மங்கும். இதற்கா இவ்வளவு விலை என்று அவள் வேலை பார்த்த பல் மருத்துவமனையில் பேசிச் சிரித்ததுண்டு. அவள் கணவன் குமரேசன் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தான். "பல்புன்னா எரியோணும், அவ்வளவுதான்" என்பது அவன் கட்சி.

தங்கை தாரணியின் வீட்டில் அப்பாவைப் பார்த்த அன்றுதான் அவள் எண்ணம் மாறியது.

அப்பா சென்னியப்பன் அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். அம்மா போனபிறகு அவருக்கு மறதி நோய் வந்தது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு ஆட்கள். நான்கு வருஷமாக இந்துமதிதான் அவரைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பகலில் சாதுவாக இருப்பார். பொழுது சாயத் தொடங்கினால் ஆள் மாறிவிடுவார். "பெல் அடிச்சாச்சு, கேட்டத் தொற" என்று வாசல் கிரில்லைப் பிடித்து உலுக்குவார். யார் தடுத்தாலும் அடிப்பார். மகள் என்று சொன்னால் இன்னும் கோபம் வரும். "ஆரு நீயி? எம் புள்ளைன்னு பொய் சொல்றியா?" என்பார். இந்த நோயில் இருட்டும் நேரம் இப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தெரிந்துகொண்டதால் வலி குறைந்துவிடவில்லை.

இந்துமதிக்குக் கர்ப்பப்பை எடுக்க வேண்டி வந்தபோது, அவள் தேறும்வரை அப்பாவைத் தாரணி வடவள்ளிக்குக் கூட்டிப்போனாள். தாரணியின் கணவனுக்குப் பெரிய நிறுவனத்தில் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். மருதமலை தெரிகிற மாதிரி மாடி வீடு. வீடு முழுக்க இமை விளக்குகள், அதிலும் விலை கூடிய வகை.

உடம்பு கொஞ்சம் தேறியதும் ஒரு சாயங்காலம் இந்துமதி அங்கே போனாள். ஆட்டோவில் போகும்போதே மனத்தைத் திடப்படுத்திக்கொண்டாள். இந்த நேரத்துக்கு அப்பா கத்திக்கொண்டிருப்பார், தாரணி அழுதுகொண்டிருப்பாள், பாவம், அவளுக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்று எண்ணினாள். அந்த எண்ணத்தில் லேசான திருப்தியும் இருந்தது.

வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. கூடத்தில் விளக்கு என்று ஒன்று கண்ணில் படவில்லை. வெளிச்சம் மட்டும் இருந்தது, மழை விட்ட பிறகு வருகிற மஞ்சள் வெயிலைப்போல. அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாரணி அவருக்குச் சந்தகையைத் தேங்காய்ப் பாலில் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, அவள் கன்னத்தைத் தொட்டு, "நீ சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டார்.

இந்துமதி வாசலிலேயே நின்றுவிட்டாள். நான்கு வருஷத்தில் அவர் அப்படி ஒருமுறைகூட அவளைக் கேட்டதில்லை.

"அப்பா" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மரியாதையாகத் தலையாட்டினார். "வாங்க டீச்சர். உக்காருங்க."

தாரணி அவசரமாகச் சொன்னாள். "லைட்டு இன்னும் உன்னப் பழகலக்கா. அதுக்குக் கொஞ்ச நாளாகும்."

"உன்னயத் தெரியுதா அவருக்கு?"

தாரணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "தெரியுது" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் இந்துமதிக்கு நெஞ்சு காந்தியது. தாரணிக்கு எப்போதும் எல்லாம் தானாக வந்து சேரும். நிறம், படிப்பு, நல்ல இடத்துச் சம்பந்தம். அதையெல்லாம் இந்துமதி விட்டுக்கொடுத்துப் பழகியிருந்தாள். அப்பா தனக்கு என்று நினைத்திருந்தாள். அவருக்கு மலம் கழுவியது, அவர் அடித்த கையை அன்று இரவே எண்ணெய் தேய்த்து நீவிவிட்டது எல்லாம் அவள். அடையாளம் தெரிவது தாரணியை. ஒரு விளக்கு வாங்கிவிட்டால் மகள் ஆகிவிடலாமா?

"இன்னும் ஒரு மாசமாச்சும் ஓய்வெடு, அங்கயே இருக்கட்டும்" என்று குமரேசன் சொன்னதை அவள் கேட்கவில்லை. அந்த வாரமே போய் அப்பாவைக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். தாரணி சண்டை போடுவாள் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள்.  தாரணி உள்ளே போய் அவர் துணிகளைப் பையில் அடுக்கிக் கொண்டுவந்தாள். "இருக்கட்டுமேக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குள் சலித்துவிட்டதா இவளுக்கு என்று அதற்கும் இந்துமதி எரிந்தாள்.

பழைய வீட்டில் அப்பாவின் சாயங்காலங்கள் முன்பைவிட மோசமாயின. டியூப் லைட்டைப் போட்டதும் கண்ணைச் சுளித்துக்கொண்டு சுவர் ஓரமாக ஒதுங்குவார். "என்னைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று கெஞ்சுவார். எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை. இந்துமதிக்கு அது வடவள்ளி என்றுதான் காதில் விழுந்தது. ஒருநாள் சோறு ஊட்டப் போனவள்மேல் எவர்சில்வர் டம்ளரை வீசினார். அது அவள் தோளில் பட்டு உருண்டது.

மறுநாள் கழுத்துச் சங்கிலியை விற்கப்போவதாகக் குமரேசனிடம் சொன்னாள்.

"லைட்டுக்கா?" என்றான் அவன். "பைத்தியமா உனக்கு? அத்தனை காசுக்கு ஒரு ஆளயே வெச்சுக்கலாம்."

"ஆளுக்கு அவரு அடங்குவாரா? அங்க அடங்குனாருல்ல. அவளால முடியறது என்னால முடியாதா?"

"இது அவருக்கா, உனக்கா?"

"அவருக்குத்தானுங்க" என்றாள். அப்போது அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

விளக்குகளைப் பொருத்த வந்த பெண்ணின் பெயர் ஷர்மிளா பானு. கூடத்தின் மூலைகளிலும் கதவு நிலைக்கு மேலும் சுண்டைக்காய் அளவு விளக்குகளை வரிசையாகப் பதித்தாள். நடுவே ஒரு சின்னக் கேமராக் கண் வைத்தாள். இந்துமதி காபி கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இது எப்படிம்மா அவர அடக்குது?"

"அடக்கறதில்லீங்கக்கா. தேடுது" என்றாள் ஷர்மிளா. "மொகத்துத் தோலுக்கடியில ரத்தம் ஓடறப்போ நெறம் துளி மாறும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும். அத வெச்சு நாடியப் பாத்துட்டே இருக்கும். எந்த வெளிச்சத்துல ஐயாவோட நாடி நிதானமாகுதோ, அந்த வெளிச்சத்தப் புடிச்சுக்கும்."

"சாதா வகையிலயும் அது உண்டுல்ல?"

"அது ரூமுக்கு மட்டுந்தானுங்க. இது ஆளுக்கு ஆள் பாக்கும். நீங்க அவரு பக்கத்துல போறீங்கன்னு வைங்க. உங்க மொகத்துல எங்க வெளிச்சம் விழோணும், எங்க நெழல் விழோணும்னு துளித்துளியா மாத்திப் பாக்கும். நெழல வெச்சுத்தானுங்க நாம ஒருத்தர அடையாளமே கண்டுக்கறோம். எப்படி மாத்துனா உங்களப் பாத்து அவரு மனசு நெறையுதோ, அப்படி உங்களக் காட்டும். விலையே அதுக்குத்தான்."

"அவருக்கு என்னையத் தெரியுமா அப்போ?"

ஷர்மிளா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "நிம்மதியா இருப்பாருங்க. அத்தனதான் நாங்க சொல்றது."

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. வெளிச்சம் தடுமாறியது, ஒருநாள் வெள்ளையாக, ஒருநாள் செம்மண் நிறமாக. பிறகு ஒரு சாயங்காலம் அப்பா கிரில் பக்கம் போகாமல் நாற்காலியிலேயே இருந்தார். மறுநாள் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். குமரேசன் பட்டறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல, காசு வீண் போகல" என்றான். இந்துமதிக்குத் தலைகால் புரியவில்லை. தாரணிக்குப் போன் செய்து, "இங்கயும் அப்பா நல்லாருக்காரு" என்று வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னாள்.  "சந்தோஷம்க்கா" என்றாள் தாரணி.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, இந்துமதி தலைக்குப் பூ வைத்துக்கொண்டு அப்பாவுக்குத் தோசை எடுத்துப் போனாள். வெளிச்சம் அவள்மேல் மெல்ல நகர்ந்து படிந்தது. அப்பா அவளைப் பார்த்தார். அவர் கண்கள் நிறைந்தன. இரண்டு கைகளையும் நீட்டினார்.

"தாரு" என்றார். "எப்ப வந்த சாமி?"

இந்துமதி தட்டைக் கீழே வைத்தாள்.

"இப்பத்தானுங்கப்பா" என்றாள். 

"உன்னப் பாக்காம கண்ணு பூத்துப்போச்சு. சித்த உக்காரு. போறேன் போறேன்னு சொல்லாத."

அவள் உட்கார்ந்தாள். அவர் அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சின்ன வயதில் தாரணி பள்ளி ஓட்டப்பந்தயத்தில் விழுந்ததையும், அவர் தூக்கிக்கொண்டு ஓடியதையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இங்க ஒரு நர்சம்மா இருக்கு" என்றார். "நல்லாத்தான் பாத்துக்குது. ஆனா எந்நேரமும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டே இருக்கும். அதுக்கு ஆருமேல கோவமோ தெரீல."

தோசையை ஊட்டிவிட்டு அவள் கூடத்துச் சுவரில் இருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். வெளிச்சம் அவள் புருவத்துக்கு மேல் ஏறியிருந்தது. தாடையின் கனம் நிழலுக்குள் போயிருந்தது. உதட்டோரச் சுருக்கம் இல்லை. ஒரு கணம் கண்ணாடிக்குள் தாரணி நின்றாள். இந்துமதி விலகி நின்றதும் மறைந்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் ஷர்மிளாவுக்குப் போன் செய்தாள். "என் தங்கச்சி வீட்டுல கத்துக்கிட்டத இங்கயும் போட்டுட்டீங்களா? அத அழிச்சிருங்க."

"இல்லீங்கக்கா. ஒவ்வொரு வீட்டுக்கும் புதுசாத்தான் கத்துக்கும். அங்கிருந்து இங்க ஒண்ணும் வராது."

"அப்போ அவ மொகம் எப்படி வந்துச்சு?"

"அது ஐயாகிட்டயிருந்து வந்ததுங்க" என்றாள் ஷர்மிளா.

அந்தப் பதில் இந்துமதியைத் தின்றது. விளக்கின்மேல் பழிபோட முடிந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் தாரணியானாள். தாரணிக்கு உரிய கொஞ்சலைத் தான் வாங்கிக்கொண்டாள். தாரணிக்கு உரிய முத்தம் அவள் நெற்றியில் விழுந்தது. அவர் கை பட்டதும் உடம்பு இளகும். பெயரைக் கேட்டதும் இறுகும். தான் விற்ற சங்கிலியில் தாரணிக்கு மாலை கட்டிப் போட்டதுபோல் இருந்தது. மருத்துவமனையில் கூட வேலை பார்க்கும் மெர்சி, "அந்த லைட்டு அவ்வளவு விலைக்குத் தேவைதானாக்கா? எங்க மாமியாருக்கும் பாக்கலாம்னு இருக்கேன்" என்று கேட்டபோது, அவள் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டாள்.

ஒருநாள் அவர் உறங்கும்முன், "நர்சம்மாகிட்டச் சொல்லாத. நீ என்னையக் கூட்டிட்டுப் போயிரு தாரு" என்றார். இந்துமதி எழுந்து போய் இமையின் சுவிட்சை அணைத்தாள். அதன்பின் போடவில்லை.

டியூப் லைட் வெளிச்சத்தில் அப்பா மீண்டும் கிரில்லை உலுக்கினார். அவள் எதிரே நின்று, "நான் இந்துப்பா. இந்துமதி. உங்க மூத்த புள்ள" என்றாள். அவர் காறித் துப்பினார். அடுத்த நாளும் சொன்னாள். அதற்கடுத்த நாளும் சொன்னாள்.

குமரேசன் பொறுத்துப் பார்த்தான். பிறகு கேட்டான். "உனக்கு அவரு நிம்மதியா இருக்கோணுமா, உம் பேரச் சொல்லோணுமா?"

"ரெண்டும் வேணும்" என்றாள் இந்துமதி. "நாலு வருசம் பாத்தவ ரெண்டையும் கேக்கக் கூடாதா?"

"கேக்கலாம். ஆருகிட்டக் கேப்ப?"



அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அவள் துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தபோது, பூட்டாத கிரில் வழியே அப்பா வெளியே போய்விட்டார். தெரு முனையில் சாக்கடைக் கல் தடுக்கி விழுந்தார். தூக்கி வந்தவர்கள் அவர் நெற்றியில் துண்டைக் கட்டியிருந்தார்கள். அது நனைந்து கனத்திருந்தது. தையல் போடும்போது அவர் இந்துமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுங்க, வலிக்குதுங்க" என்று அந்நியரிடம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பகலில் தாரணி வந்தாள். அப்பா உள்ளறையில் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"லைட்டு ஓடலயா?"

"ஓடும். நாந்தான் அணைச்சு வெச்சேன்."

"ஏன்க்கா?"

இந்துமதி சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் தாரணியின் முகத்தைப் பார்க்கப் பார்க்க, கண்ணாடியில் பார்த்த அதே முகத்தைப் பார்க்கப் பார்க்க, அவளால் அடக்க முடியவில்லை.

"ஏன்னா கேக்கற? உன்னயவே கூப்பிடறாரு. தாரு தாருன்னு. எம் மூஞ்சியில உன் மூஞ்சிய ஒட்டி வெச்சிருக்கு அந்தச் சனியன். நான் அவருக்கு நர்சம்மா. நீதான் புள்ள. போதுமா? அன்னைக்கு உன் வீட்டுல கன்னத்தத் தொட்டுக் கேட்டாரே, அத இங்க நான் திருடித் திங்கறேன். உன் எச்சிலத் திங்கற மாதிரி இருக்கு தாரணி."

தாரணி மெதுவாகச் செருப்பைக் கழற்றினாள். சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். 

"அன்னைக்கு நீ கேட்டீல்ல, என்னயத் தெரியுதான்னு" என்றாள். "நான் பொய் சொன்னேன்."

"என்ன பொய்?"

"எங்க வீட்டுல அவரு என்னைய ஒருநாளும் தாருன்னு கூப்பிடலக்கா. இந்துன்னுதான் கூப்பிட்டாரு."

இந்துமதி அவளைப் பார்த்தாள்.

"முதல் நாள் நான் சும்மா விட்டுட்டேன். ஏதோ வாய் தவறிச் சொல்றாருன்னு. அப்புறம் கண்ணாடியில பாத்தேன். உன்ன மாதிரியே தாடை, உன்ன மாதிரியே கண்ணுக்குக் கீழ கருப்பு. அழகாக் காட்டறதுக்குன்னு வாங்குன லைட்டு, என்னைய அழுது களைச்சவ மாதிரி காட்டுச்சு. அவரு அதப் பாத்துத்தான் சிரிச்சாரு. 'இந்து, அந்தப் புள்ள என்னையப் புடிச்சு வெச்சிருக்கா, நம்ம ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ'ன்னாரு. அந்தப் புள்ளன்னா நான்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீ கூடவே இருந்தவ, உன்னத் தேடறது நாயந்தான்னு தெரியும். தெரிஞ்சும் வயிறு எரிஞ்சுச்சு. நான் வாங்குன வீடு, நான் போட்ட லைட்டு, நான் ஊட்டுன சோறு. பேரு உனக்கு. நீ வந்து கூட்டிட்டுப் போறேன்னப்போ, போனாப் போதும்னுதான் துணிய அடுக்கிக் குடுத்தேன்." தாரணி மூக்கை உறிஞ்சினாள். "இங்க உன்ன உன் பேரச் சொல்லிக் கூப்பிடுவாருன்னு நெனச்சு, அதுக்கும் எரிஞ்சுட்டு இருந்தேன்."

இந்துமதிக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. சின்னதாக, கூர்மையாக ஒரு மகிழ்ச்சி. அங்கே அவர் தேடியது என்னை. நீ அல்ல, நான். அது வந்த வேகத்திலேயே, எதிரே குனிந்து உட்கார்ந்திருந்த தங்கையின் பின்கழுத்து கண்ணில் பட்டது. தான் அறுவைச் சிகிச்சைக்குப்பின் படுத்திருந்த சாயங்காலங்களில் எல்லாம், மறுகோடி வடவள்ளியில், தன் பெயரைத் தாங்கிக்கொண்டு ஒருத்தி அப்பாவுக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள். தான் ஒரு வாரம்கூடத் தாங்காததை அவள் வாயைத் திறக்காமல் தாங்கியிருக்கிறாள்.

"சாப்ட்டியா?" என்று கேட்டாள் இந்துமதி.

"இல்ல."

"சாதம் இருக்கு. தயிரு மட்டுந்தான்."

இருவரும் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டார்கள். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. தாரணி பாத்திரம் கழுவினாள். இந்துமதி துடைத்து வைத்தாள்.

வெயில் இறங்கியது. உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நெற்றியில் வெள்ளைக் கட்டு. கண்கள் வாசலைத் தேடத் தொடங்கியிருந்தன. தாரணி அவரைத் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். "விடுங்கம்மா, நானே உக்காந்துக்கறேன்" என்று அவர் அவள் கையை விலக்கினார். அவள் தள்ளிப்போய்ச் சோபாவில் உட்கார்ந்தாள்.

இந்துமதி சுவிட்சுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு டியூப் லைட்டை அணைத்துவிட்டு இமையைப் போட்டாள்.

 மூலைகளிலிருந்து வெளிச்சம் கசிந்து வந்தது. கூடத்தைத் துழாவியது. அப்பாவின் மூச்சு நிதானப்பட்டது. தோள்கள் இறங்கின. சோபாவில் இருந்த தாரணியைத் தாண்டி, சுவர் ஓரமாக நின்ற இந்துமதியை அவர் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தாரு" என்றார். "இங்க வா சாமி. தலை வலிக்குது, சித்த அமுக்கி விடு."

சோபாவில் தாரணி பாதி எழுந்தாள். பழக்கத்தில் வாய்கூடத் திறந்துவிட்டது. பிறகு மெல்ல உட்கார்ந்து, அசையாமல் நின்ற இந்துமதியைத் திரும்பிப் பார்த்தாள்.

"போக்கா" என்றாள். "உன்னயத்தான் கூப்பிடறாரு."